34% மின்சாரம் தரும் புது சோலார் செல்... மாமல்லபுரம் வெயிலைத் தாங்குமா? பெரோவ்ஸ்கைட்டும் புற ஊதாக் கதிரும்

மாமல்லபுரம் கடற்கரையில் படகு மேல் போர்த்தியிருக்கும் நீலத் தார்ப்பாயை ஒரு கோடை முடிந்ததும் தொட்டுப் பாருங்கள். வாங்கும்போது கெட்டியாக இருந்தது, இப்போது விரலோடு நார்நாராக வரும். மொட்டை மாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஒருநாள் திடீரெனக் கால் ஒடிந்து ஆளைக் கவிழ்க்கும். "வெயில்ல இத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் அதை இத்துப்போக வைத்தது சூடு மட்டும் இல்லை. வெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் புற ஊதாக் கதிர், அதாவது யுவி.

அதே யுவிதான் இன்றைக்கு உலக சோலார் துறை பெரிதும் எதிர்பார்க்கும் ஒரு பொருளுக்கும் தலைவலியாக இருக்கிறது. அதன் பெயர் பெரோவ்ஸ்கைட். வெயிலில் மின்சாரம் தர வேண்டிய பொருளுக்கு வெயிலே எதிரியா? கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் விஞ்ஞானிகள் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியோடுதான்.

பெரோவ்ஸ்கைட்... பேரே புதுசா இருக்கே?

பெயர் பழசு. 1839-ல் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு, லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பிரமுகரின் பெயரை வைத்தார்கள். அந்தக் கனிமத்தின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் அமைந்த எல்லாப் பொருளுக்கும் பின்னாளில் அதுவே குடும்பப் பெயர் ஆகிவிட்டது. சோலார் செல்லில் பயன்படுவது ஈயமும் அயோடினும் கலந்த ஒரு வகை. அந்த மலையில் கிடைத்த கல்லுக்கும் இதற்கும் அமைப்பில்தான் ஒற்றுமை, வேறு உறவு இல்லை.

2009-ல் ஜப்பானில் சுடோமு மியாசகாவின் குழு இதை வைத்து முதன்முதலில் சோலார் செல் செய்தது. திறன் வெறும் 3.8 சதவீதம். அதாவது விழும் ஒளியில் 100 பங்குக்கு 4 பங்குகூட மின்சாரமாகவில்லை. அதுவும் சில நிமிடங்களில் செயலிழந்தது. 2012-ல் திரவத்துக்குப் பதில் திடப்பொருள் வைத்து 10 சதவீதம் வரை கொண்டுபோனார்கள். அதன் பிறகு ஓட்டம்தான். இன்று தனி பெரோவ்ஸ்கைட் செல்லே ஆய்வகத்தில் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கான் இந்த இடத்துக்கு வர அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது.

இதைவிடப் பெரிய விஷயம், சிலிக்கானோடு கூட்டணி. பெரோவ்ஸ்கைட்டை மேலேயும் சிலிக்கானைக் கீழேயும் வைத்தால், மேல் அடுக்கு நீலம், பச்சை ஒளியைப் பிடித்துக்கொள்ளும். அது விட்டுவிடும் சிவப்பையும் அகச்சிவப்பையும் கீழ் அடுக்கு பிடித்துக்கொள்ளும். இந்த 'டேன்டம்' முறையில் சீனாவின் லாங்கி நிறுவனம் 2024-ல் 34.6 சதவீதத்தைத் தொட்டது. அதே மாடி, அதே வெயில், ஆனால் மின்சாரம் அதிகம். செங்கல்பட்டு மாவட்டத்தில் மனை விலை போகிற போக்குக்கு, சின்ன மாடியிலும் கூடுதல் யூனிட் கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

செய்வதும் சுலபம். சிலிக்கானை 1,400 டிகிரிக்கு மேல் உருக்கிப் படிகமாக வளர்க்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டை மை மாதிரிக் கரைத்துக் கண்ணாடி மேல் பூசி, 100 முதல் 150 டிகிரி சூட்டில் காய வைத்தாலே போதும். பூச்சின் தடிமன் சுமார் அரை மைக்ரான். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குதான்.

இவ்வளவு நல்லது இருந்தும் மாடிக்கு வரவில்லையே, ஏன்? ஆயுள். சிலிக்கான் பேனலுக்கு நிறுவனங்கள் 25 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. பெரோவ்ஸ்கைட் இன்னும் அந்தப் பேச்சுக்கே தயாராகவில்லை.

மூடி வைத்தால் சீக்கிரம் செத்தது!

பெரோவ்ஸ்கைட்டுக்குத் தண்ணீர் ஆகாது என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்த கதை. ஈரக்காற்று பட்டால் கருப்பு நிறப் பூச்சு மெல்ல மஞ்சளாகும். ஈய அயோடைடு பிரிந்து நிற்பதன் அடையாளம் அது. அப்படியானால் என்ன செய்யலாம்? காற்றே புகாமல் கண்ணாடிக்குள் அடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

2013-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஸ்னைத்தின் குழு வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பில் மண்ணைப் போட்டது. யுவியோடு கூடிய முழு வெயிலில் வைத்தபோது, காற்றுப் புகாமல் அடைத்த செல்கள்தான் வேகமாகப் படுத்தன. அதுவும் சில மணி நேரத்தில். திறந்து வைத்தவை அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. யுவியை வடிகட்டிவிட்டு அதே அடைத்த செல்லைச் சோதித்தபோது பிரச்சினை இல்லை. அப்படியானால் குற்றவாளி யுவி. ஆனால் அது பெரோவ்ஸ்கைட்டை நேரடியாக அடிக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் மூலம் அடித்தது.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் டைட்டானியம் டை ஆக்சைடு. பெரோவ்ஸ்கைட்டில் உருவாகும் எலெக்ட்ரானை வாங்கி வெளியே கடத்த, அதன் அடியில் இந்தப் பொருளை ஒரு படலமாகப் பூசியிருப்பார்கள். நமக்கு ரொம்பப் பழக்கமான பொருள்தான். வெள்ளை பெயிண்டுக்கு வெண்மை தருவது இது. முகத்தில் பூசும் சன்ஸ்கிரீனிலும் இருக்கிறது, காரணம் யுவியை நன்றாக உறிஞ்சும். சன்ஸ்கிரீனில் வரமாக இருக்கும் குணம் சோலார் செல்லில் சாபமாகிறது. உறிஞ்சிய யுவி சும்மா இருப்பதில்லை, அது அந்தப் படலத்தின் மேற்பரப்பில் வேதிவினையைத் தூண்டிவிடுகிறது. ஈசிஆர் பக்கம் வெயில் படும் வெளிச்சுவரில் பழைய பெயிண்டைத் தடவினால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதே, அதன் பின்னணியிலும் யுவி பட்ட இந்தப் பொருளின் கைவரிசை உண்டு.

செல்லுக்குள் நடப்பது இதுதான். டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பில் ஆங்காங்கே ஆக்சிஜன் இல்லாத காலி இடங்கள் இருக்கும். சாலையில் குழி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றிலிருந்து வரும் ஆக்சிஜன் அந்தக் குழிகளில் உட்கார்ந்து மூடி வைத்திருக்கும். யுவி பட்டதும் அந்த ஆக்சிஜன் கழன்று போய்விடும். குழி வாயைத் திறந்துகொள்ளும். ஓடி வரும் எலெக்ட்ரான் அதில் விழுந்து சிக்கினால் மின்சாரம் போச்சு. காற்று படும் செல்லில் வேறு ஆக்சிஜன் வந்து குழியை மூடிவிடுகிறது. அடைத்த பெட்டிக்குள் மூட ஆள் இல்லை.

முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அந்த நிலைதான். திறந்து வைத்தால் ஈரம் கொல்லும். மூடி வைத்தால் யுவி கொல்லும்.

இந்தக் கடற்கரையில் யுவி எவ்வளவு?

வெயிலின் மொத்த ஆற்றலில் யுவியின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். ஆனால் எல்லா ஊர் வெயிலும் ஒன்று இல்லை. மாமல்லபுரம் 12.6 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும், ஆண்டுக்கு இரண்டு முறை, சூரியன் உச்சியில் நேர் தலைக்கு மேல் வருகிறது. கதிர் சாய்ந்து வராமல் நேராக வருவதால் காற்று மண்டலத்தில் கடக்கும் தூரம் குறைவு. வெப்பமண்டலப் பகுதிக்கு மேல் ஓசோன் படலமும் ஐரோப்பாவுக்கு மேல் இருப்பதைவிட மெலிது. அதனால்தான் சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் கோடையில் யுவி குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 11-க்கு மேல் என்றாலே அதிதீவிரம்.

இதைச் சோலார் கணக்குக்கு மாற்றிப் பார்ப்போம். இந்தப் பகுதியில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட்டுக்குச் சற்று மேல் சூரிய ஆற்றல் விழுகிறது. அதில் 5 சதவீதம் யுவி என்றால் நாளுக்கு கால் யூனிட். சோலார் பேனல்களின் தரத்தைச் சோதிக்கும் ஐ.இ.சி. 61215 என்ற சர்வதேச விதிமுறையில் யுவிக்கென ஒரு கட்டம் உண்டு. அதில் பேனல் மீது செலுத்தும் யுவி அளவு, சதுர மீட்டருக்கு 15 யூனிட். கால் யூனிட் வீதம் கணக்குப் போட்டால், மாமல்லபுரம் மாடியில் இரண்டே மாதத்தில் அந்த 15 யூனிட் நிறைந்துவிடும்! அந்தக் கட்டம் மற்ற சோதனைகளுக்கு முன்பான ஒரு தயாரிப்புதான், ஆயுளை அளக்கும் சோதனை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் 'யுவி டெஸ்ட் பாஸ்' என்று ஒரு பொருளின் பெட்டியில் இருந்தால், அது இங்கே எத்தனை நாள் வெயிலுக்குச் சமம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

இதோடு உப்புக் காற்று வேறு. கோவளம் தொடங்கி கல்பாக்கம் வரை கிரில் கதவு துருப்பிடிக்கும் வேகம் அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும். எட்டாம் நூற்றாண்டில் பல்லவர் கட்டிய கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே உப்பு அரிக்கிறது. கல்லுக்குள் ஏறிய உப்பை எடுக்க, தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக் கூழை அப்பி உறிஞ்ச வைப்பது வழக்கம். அந்த வளாகத்துக்கே 2023-ல் ரெனோ நிஸான் தொழில்நுட்ப மையமும் ஹேண்ட் இன் ஹேண்ட் இந்தியா தொண்டு நிறுவனமும் சேர்ந்து சூரிய மின்சார வசதி செய்து கொடுத்தன. கல்லே கரையும் காற்றில், அரை மைக்ரான் பூச்சு நிற்க வேண்டும் என்றால் சும்மாவா?

சரி, என்ன வழி கண்டுபிடிச்சிருக்காங்க?

முதல் யோசனை எளிமையானது. யுவி உள்ளேயே வராமல் முன் கண்ணாடியில் வடிகட்டி போட்டுவிடுவது. வேலை செய்யும். ஆனால் அந்த ஒளியிலிருந்தும் கொஞ்சம் மின்சாரம் கிடைக்கிறது, வடிகட்டினால் அதையும் இழக்க வேண்டும். அரை சதவீதத் திறனுக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கும் துறையில் இது மனசே வராத தீர்வு.

அதனால் கொஞ்சம் புத்திசாலித்தனமாக யோசித்தார்கள். யுவியைத் தடுப்பதற்குப் பதில் நிறத்தை மாற்றிவிட்டால்? ஃப்ளோரின் கலந்த ஒரு பாலிமர் பூச்சில் ஒளிரும் சாயத்தைக் கலந்து செல்லின் முன்புறம் பூசினார்கள். யுவியை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக அது திருப்பி விடும். டியூப்லைட் செய்வதும் இதே வேலைதான், உள்ளே பாதரச ஆவி தரும் யுவியைக் கண்ணாடியின் உள்பூச்சு வெள்ளை ஒளியாக்குகிறது. இத்தாலி, சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் 2016-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட இந்த முறையில், செல்கள் ஆறு மாதம் வரை திறனைத் தக்கவைத்தன. பூச்சு தண்ணீரையும் அண்டவிடாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இன்னொரு கூட்டம் பக்கத்து வீட்டுக்காரரையே காலி செய்யச் சொன்னது. டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் பதில் யுவியை அவ்வளவாக உறிஞ்சாத டின் ஆக்சைடு வந்தது. இன்று பல ஆய்வகங்களில் அதுதான் வழக்கம். தென்கொரியாவில் சாங் இல் சியோக்கின் குழு 2017-ல் பேரியமும் டின்னும் கலந்த ஆக்சைடில் சிறிது லாந்தனம் சேர்த்துப் பயன்படுத்தியது. திறன் 21.2 சதவீதம். 1,000 மணி நேர ஒளிக்குப் பிறகும் அதில் 93 சதவீதம் மிச்சம் இருந்தது.

1,000 மணி நேரம் என்றதும் பெரிதாகத் தெரியும். இங்கே முழு வெயில் அளவில் ஒரு நாளைக்கு 5 மணி நேரம் என்று வைத்தால் அது 200 நாள். ஏழு மாதம்கூட ஆகாது.

ஆய்வக விளக்கில் யுவியே இல்லை!

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத, ஆனால் முக்கியமான இடம் இது. ஆய்வகங்களில் ஆயுளைச் சோதிக்கப் பெரும்பாலும் வெள்ளை எல்இடி விளக்குகளைப் பயன்படுத்துகிறார்கள். விலை குறைவு, ஆயிரக்கணக்கான மணி நேரம் தொடர்ந்து எரியும். ஆனால் வெள்ளை எல்இடி ஒளியில் யுவி கிட்டத்தட்ட கிடையாது. நீச்சல் தெரியுமா என்று கரையில் வைத்துச் சோதிப்பது மாதிரிதான்.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஜின்சாங் ஹுவாங் குழு இதை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது. உள்ளே எல்இடி வெளிச்சத்தில் நன்றாக இருக்கும் செல்கள், வெளியே வெயிலில் வைத்தால் வேகமாகத் திறன் இழக்கின்றன, அதற்கு முக்கியக் காரணம் யுவி என்று 2024-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். இந்த முறை பலவீனமான இடம் வேறு. எலெக்ட்ரானைக் கடத்தும் பக்கம் இல்லை, அதற்கு எதிர்ப்பக்கம். அங்கே பயன்படும் பாலிமர், பெரோவ்ஸ்கைட்டையும் கண்ணாடி மேல் உள்ள மின்கடத்திப் பூச்சையும் லேசாகத்தான் பற்றியிருக்கிறது. யுவி அந்தப் பிடியை அறுத்துவிடுகிறது. பாஸ்பானிக் அமிலக் கொக்கி கொண்ட மூலக்கூறு ஒன்றைப் பாலிமரோடு கலந்து அவர்கள் பிடியை இறுக்கினார்கள். அப்படிச் செய்த சிறிய பேனல்கள் 29 வாரம் வெளி வெயிலில் இருந்தும் 16 சதவீதத்துக்கு மேல் திறனோடு இயங்கின.

29 வாரம் என்றால் ஏழு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 25 ஆண்டோடு ஒப்பிட்டால் சின்ன எண்தான். ஆனால் அது மேகம், மழை, பகல், இரவு எல்லாம் கலந்த நிஜ வெயிலில் கிடைத்த எண். எல்இடி அறையில் கிடைக்கும் பெரிய எண்களைவிட இதற்கு மதிப்பு அதிகம். சோதனைகள் இப்படி ஊருக்கு ஒரு விதமாக நடந்தால் ஒப்பிடவே முடியாது என்பதால், 2020-ல் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு பொது நடைமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள். அதில் வெளி வெயில் சோதனைக்கும் தனி வகை உண்டு.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது?

சென்னை ஐஐடி-யின் வேதிப் பொறியியல் பேராசிரியர் அரவிந்த் குமார் சந்திரன், பெரோவ்ஸ்கைட்டையே முரட்டுத்தனமானதாக மாற்ற முடியுமா என்று பார்க்கிறவர். சீசியம், பிளாட்டினம், அயோடின் சேர்ந்த ஒரு வகையை அவரது குழு 2020-ல் காட்டியது. காற்று, ஈரம், கடும் அமிலம், கடும் காரம் எதற்கும் அது அசையவில்லை. ஈயமும் இல்லை. ஆனால் பிளாட்டினம் விலையை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வும் சூரிய ஒளியால் தண்ணீரைப் பிரிக்கும் வேலைக்காகச் செய்யப்பட்டது, மாடி பேனலுக்காக இல்லை. பெரோவ்ஸ்கைட் என்றாலே தொட்டால் உதிரும் என்ற எண்ணத்தை அது மாற்றியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். ஆய்வகங்களிலிருந்தும் பெரோவ்ஸ்கைட் பற்றிய கட்டுரைகள் வருகின்றன.

பக்கத்து காஞ்சிபுரம் மாவட்டத்தில், பிள்ளைப்பாக்கத்தில், அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் 2024 ஜனவரியில் ஆலையைத் திறந்தது. ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட். அங்கே செய்வது பெரோவ்ஸ்கைட் இல்லை, காட்மியம் டெல்லுரைடு என்ற இன்னொரு மெல்லிய படல வகை. ஆனால் அதே நிறுவனம் 2023-ல் ஸ்வீடனின் எவோலார் என்ற பெரோவ்ஸ்கைட் நிறுவனத்தை வாங்கியிருக்கிறது. எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்பதற்கு இது ஒரு அடையாளம்.

மும்பை ஐஐடி-யில் டேன்டம் செல் வேலை நடக்கிறது. அதைவிட நமக்கு உடனே உதவுவது, அந்த ஐஐடி-யும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய கள ஆய்வுகள். வெப்பம் மிகுந்த பகுதி பேனல்கள் மற்ற இடங்களைவிட வேகமாகத் திறன் இழப்பதும், தரையில் இருப்பதைவிட மாடியில் இருப்பவை அதிகம் பாதிக்கப்படுவதும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. அவை சிலிக்கான் பேனல்கள்! பழகிய பொருளுக்கே இந்தக் கதி என்றால், புதுப் பொருளை ஐரோப்பிய வெயிலில் சோதித்த சான்றிதழோடு இங்கே கொண்டுவந்து மாட்டுவது சரியாக வராது.

ஈயம் இருக்கே, ஆபத்து இல்லையா?

ஒரு சதுர மீட்டர் பேனலில் இருக்கும் ஈயம் ஒரு கிராமுக்கும் குறைவு. ஆனால் அது தண்ணீரில் கரையும் வடிவில் இருக்கிறது. புயலில் கண்ணாடி உடைந்து மழை நீர் உள்ளே போனால் வெளியே கசியலாம். வர்தா, மிக்ஜாம் பார்த்த கடற்கரைக்கு இது கற்பனை இல்லை. கசியும் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும் பூச்சுகளை ஆய்வகங்கள் உருவாக்கிவருகின்றன.

அப்போ இப்ப மாடியில சோலார் போடலாமா, காத்திருக்கணுமா?

காத்திருக்க வேண்டாம். உலகிலேயே முதல் வணிக ரீதியான டேன்டம் பேனல்களை பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு பிவி 2024 செப்டம்பரில்தான் அனுப்பியது. திறன் 24.5 சதவீதம். அதுவும் அமெரிக்காவில் பெரிய மின் நிலையத்துக்கு. வீட்டு மாடிக்கு இங்கே கடையில் கிடைப்பவை சிலிக்கான் பேனல்கள். 'பிஎம் சூர்ய கர்' திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய அரசு மானியம் கிடைப்பதும் அவற்றுக்குத்தான். யாராவது "புது டெக்னாலஜி, பெரோவ்ஸ்கைட்" என்று சொல்லி விற்க வந்தால் திறன் எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். வெளி வெயிலில் எத்தனை மாதம் சோதித்தீர்கள், எந்த ஊரில், உத்தரவாதத்தை எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள்.

சிலிக்கான் வாங்கும்போதும் கடலோரத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கேட்க வேண்டும். உப்புக் காற்றுக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. அதன் எண் ஐ.இ.சி. 61701. பேனலுக்கு அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்குத் துத்தநாகப் பூச்சு எவ்வளவு தடிமன் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மாமல்லபுரத்தில் பல நேரம் பேனலுக்கு முன்னால் இத்துப்போவது அந்தச் சட்டம்தான்.